இரண்டாம் நாள் முளைப்பது ரைசோபியமா?

ஆசிரியருக்கு,

வணக்கம்.

மார்கழிப் பட்டத்தில் விதைத்த கடலை தை மாதம் பூவெடுக்கும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்துக் கல்லூரிகளில் நுண்ணுயிரியலும் தாவரவியலும் படிக்கும் கடைசியாண்டு மாணவர்கள் ஆய்வேட்டுக்குச் செடி தேடி வயலுக்கு வருவதும் அதே நேரத்தில்தான். 'வேர்முடிச்சிலிருந்து ரைசோபியம் பிரித்தெடுத்தல்' என்பது அவர்களில் பலர் எடுக்கும் தலைப்பு. ரைசோபியம் என்பது பயறுவகைச் செடியின் வேரில் முடிச்சு உண்டாக்கி, காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குத் தரும் பாக்டீரியா. நல்ல தலைப்பு. செலவு குறைவு, செடி பக்கத்திலேயே கிடைக்கிறது, கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் முடிவில் வரும் ஆய்வேடுகளில் ஒரே விதமான வாக்கியம் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது: '48 மணி நேரத்தில் வெண்மையான, பிசுபிசுப்பான காலனிகள் தோன்றின, கிராம் நெகட்டிவ், எனவே இது ரைசோபியம்.' (காலனி என்பது வளர்ப்புத் தட்டில் கண்ணுக்குத் தெரியும் பாக்டீரியாக் கூட்டம்; கிராம் நெகட்டிவ் என்பது கிராம் சாயச் சோதனையில் ஊதா தங்காமல் சிவக்கும் வகை.) கடலை முடிச்சைப் பொறுத்தவரை இந்த 'எனவே' பெரும்பாலும் தவறு. எங்கே தவறுகிறது, சரியாகச் செய்ய என்ன வேண்டும் என்பதை மாணவர்களும் வழிகாட்டும் பேராசிரியர்களும் பார்க்கும்படி வெளியிட வேண்டுகிறேன்.

முதலில் நாள் கணக்கு. கடலை, உளுந்து, தட்டைப்பயறு ஆகியவற்றின் முடிச்சில் பெரும்பாலும் குடியிருப்பது பிராடிரைசோபியம். மெதுவாக வளர்வது என்பதற்காகவே 1982இல் இதை ரைசோபியத்திலிருந்து பிரித்துத் தனிப் பேரினமாக வைத்தார்கள். பேச்சு வழக்கில் இதையும் சேர்த்தே ரைசோபியம் என்கிறோம்; கீழே நானும் அப்படித்தான் சொல்கிறேன். 28 டிகிரி செல்சியஸில் இதன் காலனி கண்ணுக்குத் தெரிய ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். சில வகைகளுக்குப் பத்து நாளும் ஆகும். அப்போதும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. தக்கைப்பூண்டு முடிச்சில் இருப்பவை பொதுவாக வேகமானவை; மூன்றாம் நாளே இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குப் பளபளவென்று வந்துவிடும். ஆக, கடலை முடிச்சை நசுக்கித் தடவிய தட்டில் இரண்டாம் நாளே கொழுகொழுவென்று எதுவும் வந்திருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். நடைமுறையில் நடப்பதோ நேர்மாறு. இரண்டாம் நாள் வந்ததை லூப்பில் (நுனி வளைந்த கம்பியில்) எடுத்துக்கொண்டு, மூன்றாம் நாள் தட்டைக் கழுவப் போட்டுவிடுகிறார்கள். தேடி வந்த பாக்டீரியா அப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருக்கும்.

இனி வயல். செடியைப் பிடுங்கக் கூடாது. நம் செம்மண் காய்ந்தால் கல்லாகிவிடும்; பிடுங்கினால் முடிச்செல்லாம் மண்ணிலேயே தங்கி, வெறும் ஆணிவேர்தான் கையில் வரும். தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டு, இருபது சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்கட்டியோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கரைய விட வேண்டும். விதைத்த 35 முதல் 45 நாளுக்குள், பூக்கும் பருவமே சரியான பருவம். காய் பிடித்த பிறகு முடிச்சுகள் மூப்படைந்து பச்சையும் பழுப்புமாகிவிடும். ஒன்றிரண்டு முடிச்சைப் பிளேடால் வகிர்ந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது தழைச்சத்தை நிலைப்படுத்தும் முடிச்சு. அந்த நிறம் லெக்ஹீமோகுளோபின் என்னும் முடிச்சுப் புரதத்தால் வருவது. வெள்ளையாக இருப்பது பயனற்றதாகவோ இன்னும் முதிராததாகவோ இருக்கும். கடலையில் பாக்டீரியா வேர்த்தூவி வழியாக நுழைவதில்லை. பக்கவேர் பிளந்து வெளிவரும் இடுக்கின் வழியாக நுழைகிறது. அதனால் முடிச்சுகள் பக்கவேரின் கக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அங்கேதான் தேட வேண்டும். முடிச்சை நறுக்கும்போது இருபுறமும் அரை சென்டிமீட்டர் வேர் ஒட்டியிருக்கட்டும். தோலில் கீறல் விழுந்துவிட்டால் சுத்திகரிக்கும் மருந்து உள்ளே போய் வேண்டியதையும் சேர்த்துக் கொன்றுவிடும். வயலிலிருந்து ஆய்வகத்துக்கு ஈரப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு போனால் பேருந்துச் சூட்டில் முடிச்சு அழுகும். அன்றே பிரிக்க முடியாதென்றால், மூடியுள்ள சிறு குப்பியில் சிலிக்கா ஜெல் போட்டு, அதன்மேல் பஞ்சு வைத்து, பஞ்சின்மேல் முடிச்சை வைத்து உலர்த்திக்கொள்ளலாம். பிரிக்கும் நாளில் சுத்தமான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் போதும்.

மேற்பரப்பைச் சுத்திகரிப்பதில்தான் பாதி ஆய்வுகள் வீணாகின்றன. 95 சதவீத ஆல்கஹாலில் பத்து விநாடி. இது தோலிலுள்ள காற்றுக் குமிழியை நீக்கி மருந்து எங்கும் படரச் செய்கிறது. பிறகு 3 சதவீதச் சோடியம் ஹைப்போகுளோரைட்டில் மூன்று முதல் நான்கு நிமிடம். அதன்பின் கிருமி நீக்கிய தண்ணீரில் குறைந்தது ஆறு முறை கழுவல். பழைய செய்முறைக் கையேடுகளில் 0.1 சதவீத மெர்குரிக் குளோரைடு என்று இருக்கும். பாதரச உப்பு அது. கழுவிய தண்ணீரை எங்கே கொட்டினாலும் தீங்கு. இன்னும் அதைப் பயன்படுத்தும் ஆய்வகங்கள் தயவுசெய்து நிறுத்திவிட வேண்டும். ஹைப்போகுளோரைட்டுக்கும் ஒரு குறை உண்டு. நம் ஊர் வெயிலில் அலமாரியில் கிடந்த புட்டி ஆறு மாதத்தில் வீரியம் இழந்துவிடும். புட்டியில் அச்சடித்த சதவீதத்தை நம்பி நீர்த்தால் வெறும் தண்ணீரில் கழுவிய கதைதான். புதிதாக வாங்கி, இருட்டில், குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். ஆறாவது கழுவல் தண்ணீரில் 0.1 மில்லியைத் தனித் தட்டில் பரப்பி வையுங்கள். அந்தத் தட்டில் ஏதாவது முளைத்தால், முடிச்சுத் தட்டில் முளைத்தது முடிச்சுக்குள்ளிருந்து வந்ததா, தோலிலிருந்து வந்ததா என்று சொல்ல வழியில்லை. அந்தத் தொகுதி முழுவதையும் கைவிட வேண்டும். இந்த ஒரு தட்டின் படம் இல்லாத ஆய்வேட்டைப் புறத்தேர்வாளர் ஏற்கக் கூடாது என்பது என் கருத்து.

வளர்ப்பூடகம் ஈஸ்ட் சாறு, இனிப்பான மானிட்டால், கெட்டியாக்கும் அகர் சேர்ந்தது. ஒரு லிட்டருக்கு மானிட்டால் 10 கிராம், டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 0.5 கிராம், மெக்னீசியம் சல்பேட் 0.2 கிராம், சாதாரண உப்பு 0.1 கிராம், ஈஸ்ட் சாறு 0.5 கிராம், அகர் 15 கிராம், பி.எச். 6.8. ஈஸ்ட் சாறு கூடினால் நல்லது என்று நினைத்து இரண்டு மூன்று கிராம் போடுகிறவர்கள் உண்டு. கூடினால் ரைசோபியத்தின் உருவம் கெட்டு வீங்கிப்போகும், வேண்டாத பாக்டீரியாவுக்கு விருந்து வைத்ததாகவும் ஆகும். காங்கோ ரெட் சேர்ப்பதானால் 100 மில்லி தண்ணீரில் 0.25 கிராம் கரைத்து, அதில் 10 மில்லியை ஒரு லிட்டருக்கு விட வேண்டும். புரோமோதைமால் நீலம் என்றால் 100 மில்லி ஆல்கஹாலில் 0.5 கிராம் கரைத்து, லிட்டருக்கு 5 மில்லி. பி.எச். சரியாக இருந்தால் ஊடகம் பச்சையாக நிற்கும். இரண்டு சாயத்தையும் ஒரே தட்டில் போட வேண்டாம். எந்த நிறம் எதனால் வந்தது என்று புரியாது.

ஆட்டோகிளேவ் 121 டிகிரியில், 15 பவுண்டு அழுத்தத்தில் 15 முதல் 20 நிமிடம் ஓட வேண்டும். குக்கரிலும் இந்த வேலை நடக்கும். வெயிட் போடுமுன் ஆவி ஐந்து நிமிடம் தாராளமாக வெளியேற வேண்டும். உள்ளே காற்று தங்கினால் அழுத்தம் ஏறும், வெப்பம் ஏறாது. குடுவையில் பாதிக்கு மேல் ஊற்றினால் பொங்கிப் பஞ்சடைப்பை நனைக்கும். நனைந்த பஞ்சின் வழியே கிருமி உள்ளே இறங்கும். நடுவில் கரண்ட் போனால், வந்தபிறகு மிச்ச நிமிடத்தை மட்டும் ஓட்டுவது போதாது. 121 டிகிரி தொட்டதிலிருந்து கணக்கை மறுபடி தொடங்க வேண்டும். அகரைக் கை பொறுக்கும் சூட்டில், சுமார் 50 டிகிரியில் ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மூடியில் வேர்த்து, சொட்டுச் சொட்டாக விழுந்து, காலனிகளை ஒன்றோடொன்று கலக்கிவிடும்.

வெப்பம் நம் வட்டாரத்துக்கே உரிய தொல்லை. சாதாரண இன்குபேட்டர் சூடேற்ற மட்டுமே தெரிந்த பெட்டி. 28 டிகிரி என்று திருகி வைத்தாலும், பங்குனியில் அறையே 36 டிகிரியில் இருக்கும்போது உள்ளே 36 டிகிரிக்குக் குறையாது. ரைசோபிய வகைகளில் பல அந்தச் சூட்டில் திணறும். அதே சூடு பேசில்லசுக்கும் சூடோமோனாசுக்கும் கொண்டாட்டம். குளிரூட்டும் வசதியுள்ள பி.ஓ.டி. இன்குபேட்டர் இல்லாத கல்லூரி, இந்த ஆய்வை மாசிக்குள் முடித்துக்கொள்வதே நல்லது. உள்ளே ஒரு தெர்மாமீட்டரைப் படுக்கவைத்துக் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் குறித்து வையுங்கள். முகப்பில் மின்னும் எண்ணை நம்பாதீர்கள். பத்து நாள் வைக்க வேண்டிய தட்டு என்பதால் 15 மில்லி ஊற்றினால் அகர் அப்பளம் போலக் காய்ந்து சுருண்டுவிடும். 25 மில்லி ஊற்றி, ஓரத்தைப் பாராபிலிம் என்னும் மெழுகு நாடாவால் சுற்றி, கவிழ்த்து வைத்து, பெட்டிக்குள் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைக்க வேண்டும். மானிட்டாலின் இனிப்புக்கு எறும்பு வரும். பலகார அலமாரியின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் நம் வீட்டு வழக்கத்தை ஆய்வக மேசைக்கும் கொண்டுபோக வேண்டியதுதான். ஓர் எறும்பு நடந்த தட்டில் அதன் பாதையெங்கும் காலனி வரிசையாக முளைத்திருக்கும்.

தட்டை நாள்தோறும் பார்த்து, காலனி முதலில் தெரிந்த நாளைத் தட்டின் அடியிலேயே மார்க்கரால் வட்டமிட்டுத் தேதி எழுதுவது மிக எளிய வேலை, மிகப் பயனுள்ள வேலை. நீலச் சாயத் தட்டில் வேகமானவை அமிலம் விட்டு மஞ்சளாக்கும். மெதுவானவை காரம் விட்டு நீலமாக்கும். கடலையிலிருந்து எடுத்தது ஏழாம் நாள் சுற்றிலும் நீலம் காட்டினால் சரியான வழியில் இருக்கிறீர்கள். இரண்டாம் நாளே தட்டு முழுக்க மஞ்சளானால் சந்தேகம் வலுக்கிறது. கடலை முடிச்சில் வேகமாக வளரும் உண்மையான ரைசோபியமும் சில நேரம் இருக்கும் என்பதால், இதைக் கொண்டு மட்டும் தள்ளிவிடவும் கூடாது. காங்கோ ரெட்டில் ரைசோபியம் நிறம் ஏற்காமல் வெண்மையாகவோ லேசான ரோஸ் நிறமாகவோ இருக்கும், மற்றவை சிவக்கும் என்பது பாடம். தட்டு வெளிச்சத்தில் கிடந்தால் ரைசோபியமும் சிவக்கும் என்பதைப் பாடம் சொல்வதில்லை. கறுப்புத் தாளில் சுற்றி வையுங்கள்.

தூய்மைப்படுத்துவதில் பசைதான் பகை. ரைசோபியம் சுரக்கும் கோந்துக்குள் வேறு பாக்டீரியா ஒளிந்திருக்கும். வெளியே பார்த்தால் ஒரே காலனியாகத்தான் தெரியும். காலனியை நேராக எடுத்து இழுக்காமல், கிருமி நீக்கிய தண்ணீரில் 0.01 சதவீதம் ட்வீன் 20 (பசையைப் பிரிக்கும் சோப்பு போன்ற திரவம்) கலந்து, அதில் காலனியைக் கரைத்து நன்றாகக் குலுக்கிவிட்டு, அதிலிருந்து ஒரு லூப் எடுத்து நான்கு பகுதியாக இழுக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் இடையில் லூப்பைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட வேண்டும். இப்படி மூன்று சுற்று. மெதுவாக வளர்வதற்கு இதுவே 21 நாள்.

அடுத்து சோதனைகள். கிராம் சாயத்தை 24 மணி நேர வளர்ப்பில் போடு என்று கையேடு சொல்லும். மெதுவாக வளர்வதற்கு அது பொருந்தாது, ஐந்தாறு நாள் வளர்ப்புதான் சரி. ஆனால் ஒப்பீட்டுக்கு வைக்கும் பேசில்லஸ் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது; பழைய பேசில்லஸ் ஊதாவை விட்டுச் சிவந்து, பார்ப்பவரை ஏமாற்றும். ஒரே கண்ணாடித் துண்டில் நடுவில் உங்கள் பாக்டீரியா, இடப்பக்கம் பேசில்லஸ், வலப்பக்கம் ஈ.கோலை என்று மூன்று தடவல் வைத்துச் சாயமேற்றினால், ஆல்கஹாலை அதிக நேரம் விட்டீர்களா, குறைவாக விட்டீர்களா என்று பக்கத்துத் தடவலே சொல்லிவிடும். சந்தேகம் தீர, 3 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டில் காலனியைக் குழைத்து லூப்பைத் தூக்கிப் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் பாகு பதம் போல நூல் இழுத்தால் கிராம் நெகட்டிவ். கேட்டலேஸ், ஆக்சிடேஸ் என்னும் நொதிச் சோதனைகள் எல்லா ஆய்வேட்டிலும் இருக்கும். ரைசோபியத்தை அடையாளம் காட்ட இவை பெரிதாக உதவா. செய்வதானால் கம்பி லூப்பில் எடுக்காமல் பல்குச்சியால் எடுங்கள்; கம்பியின் உலோகமே பொய்யான முடிவு தரக்கூடும்.

உண்மையில் உதவுபவை இரண்டு. முதலாவது குளுக்கோஸ் பெப்டோன் அகர்: லிட்டருக்குக் குளுக்கோஸ் 5 கிராம், பெப்டோன் 10 கிராம், அகர் 15 கிராம். இதில் ரைசோபியம் வளராது, அல்லது மெலிந்து வளரும். ஒரே இரவில் செழித்தால் அது கலப்படம். இரண்டாவது கீட்டோலாக்டோஸ் சோதனை. லிட்டருக்கு லாக்டோஸ் 10 கிராம், ஈஸ்ட் சாறு 1 கிராம், அகர் 20 கிராம். இரண்டு நாள் வளர்ந்த பிறகு பெனடிக்ட் கரைசலைத் தட்டில் மெல்லிசாக ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால், அக்ரோபாக்டீரியத்தின் பெரும் பிரிவொன்று தன்னைச் சுற்றி மஞ்சள் வளையம் காட்டும். ரைசோபியம் காட்டாது. முடிச்சிலிருந்து அடிக்கடி வருவதும், ரைசோபியத்தைப் போலவே வெள்ளையாகப் பிசுபிசுப்பாக இருப்பதும், ஆனால் முடிச்சு உண்டாக்காததும் இந்த அக்ரோபாக்டீரியம்தான். இதன் விலை ஒரு தட்டும் கொஞ்சம் பெனடிக்ட்டும்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் நேராக மரபணு வரிசைக்குப் போகிறவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. பாக்டீரியாவை அடையாளம் காண வழக்கமாகப் பார்க்கும் 16 எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுவை வெளியூர் நிறுவனத்துக்கு அனுப்பி வரிசை வாங்கி, கணினியில் ஒப்பிட்டால், 'ரைசோபியம் ரேடியோபாக்டர்' என்று பெயர் வரும். மாணவர் மகிழ்ந்து போவார். அது அக்ரோபாக்டீரியமே, 2001இல் சில வகைப்பாட்டாளர்கள் அதை ரைசோபியம் பேரினத்துக்குள் சேர்த்ததால் வந்த பெயர். பெயரில் ரைசோபியம் இருந்தாலும் கடலையில் ஒரு முடிச்சும் வைக்காது. பிராடிரைசோபியத்திலும் வேறு விதமான சிக்கல் உண்டு. அதன் இனங்களுக்கிடையே இந்த மரபணு கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். மொத்தம் சுமார் 1,500 எழுத்து கொண்ட மரபணுவில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வாசித்த 700 எழுத்தை வைத்து இனப்பெயர் எழுதுவது சரியல்ல. இரு பக்கமும் வாசித்து இணைத்தாலும் பேரினம் வரைதான் துணிந்து சொல்லலாம். இனம் சொல்ல ரெக்ஏ, ஜி.எல்.என்.2 போன்ற மரபணுக்களும், முடிச்சுக்கு நாட்சி, தழைச்சத்துக்கு நிஃப்எச் மரபணுக்களும் வேண்டும். பட்டியலில் முதலில் வரும் பெயரை அப்படியே எடுக்காமல், வகைத் திரிபுகளோடு (ஓர் இனத்துக்கு அடையாளமாக வைத்த மூல வளர்ப்புகளோடு) மட்டும் ஒப்பிடுங்கள், 98.7 சதவீதத்துக்குக் கீழே ஒற்றுமை இருந்தால் அந்த இனம் அல்ல. டி.என்.ஏ. எடுக்குமுன் செல்களை ஒரு மோலார் உப்புக் கரைசலில் இருமுறை கழுவினால் கோந்து போகும், இல்லையெனில் டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். வேலை செய்யாது, காரணமும் புரியாது.

இத்தனைக்கும் மேலான சான்று ஒன்று உண்டு. 1888இல் டச்சு அறிஞர் பெய்யரிங்க் முடிச்சுப் பாக்டீரியாவைத் தூய வளர்ப்பாகப் பிரித்த காலத்திலிருந்து இன்றுவரை மாறாதது அது: எடுத்த பாக்டீரியாவைக் கிருமியில்லாத மணலில் வளரும் நாற்றுக்குக் கொடுத்து, முடிச்சு வருகிறதா என்று பார்ப்பது. இதைத்தான் நம் ஆய்வேடுகள் விட்டுவிடுகின்றன. 'நேரமில்லை' என்பார்கள், 'கண்ணாடி ஜாடி இல்லை' என்பார்கள். ஜாடிக்கு ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் போதும். நடுவில் அறுத்து, மேல் பாதியைக் கவிழ்த்து, கழுத்து வழியே பருத்தித் திரி விட்டு, மணல் நிரப்பி, கீழ்ப் பாதியில் சத்துக் கரைசல் ஊற்றி, அதன்மேல் பொருத்த வேண்டும். இந்தப் பாட்டில் ஆட்டோகிளேவில் உருகிச் சுருங்கிவிடும். எனவே மணலையும் கரைசலையும் தனித்தனியே ஆட்டோகிளேவ் செய்து, பாட்டிலை ஹைப்போகுளோரைட்டில் முக்கி, கிருமி நீக்கிய தண்ணீரில் அலசிக்கொள்ள வேண்டும். மணலை அடுத்தடுத்த இரண்டு நாளில் இருமுறை ஆட்டோகிளேவ் செய்யுங்கள். முதல் சூட்டில் தப்பிய வித்து முளைத்த பிறகு இரண்டாவது சூட்டில் சாகும். வெளிப்புறம் கறுப்புத் தாள் சுற்றாவிட்டால் பாசி பிடிக்கும்.

தழைச்சத்தில்லாத கரைசல், லிட்டருக்கு: கால்சியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1 கிராம், டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 0.2 கிராம், மெக்னீசியம் சல்பேட் 0.2 கிராம், உப்பு 0.2 கிராம், பெரிக் குளோரைடு 0.1 கிராம். இதோடு போரான், துத்தநாகம், மாங்கனீசு, தாமிரம், மாலிப்டினம் கொண்ட நுண்சத்துக் கலவை ஒரு மில்லி. மாலிப்டினத்தை மட்டும் மறந்துவிடக் கூடாது. தழைச்சத்தை நிலைப்படுத்தும் நொதியின் உறுப்பே அது. காய்ச்சி வடித்த தண்ணீரைத்தான் பயன்படுத்த வேண்டும். போர்த் தண்ணீரில் நைட்ரேட் இருந்தால் செடி அதைக் குடித்துப் பச்சையாக நிற்கும், முடிச்சும் வைக்காது. சோதனையே பொருளற்றுப் போகும்.

மூன்று பிரிவு வேண்டும். பாக்டீரியாவும் இல்லை, தழைச்சத்தும் இல்லை என்பது ஒன்று. பாக்டீரியா இல்லை, லிட்டருக்கு 0.5 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் உண்டு என்பது இரண்டாவது. பாக்டீரியா மட்டும் என்பது மூன்றாவது. ஒவ்வொன்றிலும் குறைந்தது நான்கு ஜாடி. கடலை விதை பெரியது. தன் பருப்பிலுள்ள சத்திலேயே மூன்று வாரம் பச்சையாக நிற்கும். ஆகவே முதலில் உளுந்திலோ தட்டைப்பயறிலோ செய்து பாருங்கள், 28 நாளில் தெரிந்துவிடும். கடலையில் 40 நாள் ஆகும். முதல் பிரிவில் ஒரு முடிச்சு வந்தாலும் முழுச் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும். மூன்றாம் பிரிவில் முடிச்சு வந்து, வகிர்ந்தால் இளஞ்சிவப்பாக இருந்து, செடியின் உலர்எடை முதல் பிரிவைவிடத் தெளிவாகக் கூடியிருந்தால், அன்று எழுதுங்கள் ரைசோபியம் என்று.

முடிச்சு வராவிட்டால்? அதுவும் முடிவுதான். முடிச்சுக்குள் பேசில்லஸ், என்டரோபாக்டர், சூடோமோனாஸ் முதலியவை உண்மையிலேயே குடியிருக்கின்றன. கழுவல் தண்ணீர்த் தட்டு சுத்தமாக இருந்தால், 'முடிச்சின் உள்ளிருந்து கிடைத்த, முடிச்சு உண்டாக்காத பாக்டீரியா' என்று நேர்மையாக எழுதலாம். அதற்கு மதிப்பெண்ணைக் குறைக்கும் தேர்வாளர்தான் தம் போக்கை மாற்றிக்கொள்ள வேண்டும்.

வேரடி மண்ணிலிருந்து எடுக்கும் பாக்டீரியாவைப் பற்றி இரண்டு விஷயம். மணிச்சத்தைக் கரைக்கும் பாக்டீரியாவை எல்லோரும் பிகோவ்ஸ்கயா அகரில் தேடுகிறார்கள். அதில் இருப்பது டிரைகால்சியம் பாஸ்பேட்; கொஞ்சம் அமிலம் விட்டாலே கரைந்து தெளிவளையம் தரும். நம்முடையதோ செம்புராங்கல் பூமி. இங்கே மணிச்சத்தைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் இரும்பும் அலுமினியமும்தான். தட்டில் பெரிய வளையம் காட்டிய பாக்டீரியா வயலில் ஒன்றும் செய்யாமல் போவதற்கு இது ஒரு காரணம். செட்டிநாட்டு மண்ணுக்கு ஆய்வு செய்கிறவர்கள் இரும்பு பாஸ்பேட்டையும் அலுமினிய பாஸ்பேட்டையும் தனித்தனியே திரவ ஊடகத்தில் போட்டு, கரைந்த அளவை மாலிப்டினம் நீல முறையில் அளக்க வேண்டும்.

இரண்டாவது விஷயம் பாதுகாப்பு பற்றியது. கிங்ஸ் பி ஊடகத்தில் வளர்த்து, புற ஊதா விளக்கில் மஞ்சள் பச்சையாக ஒளிர்ந்ததும் 'சூடோமோனாஸ் புளோரசன்ஸ்' என்று எழுதி, குடம் குடமாகப் பெருக்கி வயலில் தெளிக்கிறார்கள். சூடோமோனாஸ் ஏருஜினோசாவும் அதேபோல் ஒளிரும். அது புண்ணிலும் கண்ணிலும் நுரையீரலிலும் நோய் தருவது. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதது. 42 டிகிரியில் ஒரு தட்டு வைத்துப் பாருங்கள். ஏருஜினோசா வளரும், புளோரசன்ஸ் வளராது. இந்தச் சோதனை முடியும் முன் எந்த ஒளிரும் காலனியையும் பெருக்க விடக் கூடாது. பழைய தட்டுகளைத் தொட்டியில் கழுவாமல் ஆட்டோகிளேவ் செய்த பிறகே எறிய வேண்டும்.

உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985 பொட்டலத்தில் வரும் ரைசோபியத்துக்கு என்ன கேட்கிறது என்று பாருங்கள். தூளானால் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிர்ச் செல், திரவமானால் மில்லிக்கு 10 கோடி. லட்சத்தில் ஒரு பங்காக நீர்த்த நிலையில் கலப்படம் தெரியக் கூடாது. பொட்டலத்தில் குறிப்பிட்ட பயிரில் பயன்தரும் முடிச்சு வைத்துக் காட்ட வேண்டும். அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பூசி நிழலில் உலர்த்தும் விவசாயிக்குச் சட்டம் தரும் இந்த உறுதியை, பட்டம் தரும் ஆய்வேட்டிடமும் கேட்பதில் தவறில்லை.

தேவைப்படும் நாள்களைக் கூட்டிப் பார்ப்போம். முதல் தட்டுக்கு 10, மூன்று சுற்றுத் தூய்மைக்கு 21, சோதனைகளுக்கு 10, முடிச்சுச் சோதனைக்கு விதை முளைப்பது உட்பட 35. மொத்தம் 76 நாள். ஆறாம் பருவத்தில் தலைப்புக் கொடுத்துப் பங்குனியில் ஆய்வேடு கேட்டால் இது நடக்காது. ஐந்தாம் பருவத் தொடக்கத்திலேயே தலைப்பைக் கொடுத்துவிட்டால், ஆடிப்பட்டத்துக் கடலை ஆவணியில் பூக்கும்போது முடிச்சு எடுத்து, கார்த்திகைக்குள் முடித்துவிடலாம். வெயிலுக்கும் முந்திக்கொள்ளலாம். பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். வாய்மொழித் தேர்வு முடிந்த மறுவாரம் வளர்ப்புகள் எல்லாம் ஆட்டோகிளேவில் அழிகின்றன. முடிச்சுச் சோதனையில் தேறிய ஒவ்வொன்றையும் 25 சதவீதக் கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். அத்தனை குளிர் தரும் உறைபெட்டி இல்லாத கல்லூரி, சாய்வு அகரில் 4 டிகிரியில் வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம்; ஒவ்வோர் ஆண்டும் ஒருமுறை செடியில் ஏற்றி, முடிச்சு வைக்கும் திறன் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குழாயின் மேல் ஒட்டும் சீட்டில் எண் மட்டும் போதாது. ஊர், கண்மாய்ப் பாசனமா மானாவாரியா, மண்ணின் பி.எச்., பயிரின் ரகம், முடிச்சு எடுத்த தேதி, காலனி தெரிந்த நாள் ஆகிய ஆறையும் பென்சிலால் எழுதுங்கள். ஆல்கஹால் பட்டால் பேனா மை அழிந்துவிடும்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் துறையைச் சேர்ந்த ஒரு வாசகர்,
காரைக்குடி.